மீன் லொறிக்காரரின் மகளுக்கு நான் போட்ட புள்ளி

முதல் நாளே பொட்டை எடுக்கச் சொன்னார்கள்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். கெமராவுக்கு முன்னுக்கு இருக்கிறப்ப மட்டுந்தான். வேல முடிஞ்சதும் வச்சுக்கலாம்" என்றார் மேனேஜர். என் மூத்த மகனின் வயதுதான் இருக்கும் அவருக்கு. கண்டி டவுனில் பிறந்து வளர்ந்தவர், மரியாதை தெரிந்தவர். அதனால்தான் அவர் வாயிலிருந்து அது வந்தபோது எனக்கு இன்னும் அதிகமாக எரிந்தது.

"யாரு எடுக்கச் சொன்னது?"

"ஹெட் ஒபிஸ்ல."

அந்த ஹெட் ஒபிஸ் எந்த நாட்டில் இருந்தது என்பது எனக்குக் கடைசிவரை சரியாகத் தெரியாது. கண்டியில் எங்களுக்கு இருந்தது பேராதனை வீதியில் ஒரு டயர்க் கடைக்கு மேலே ஒரு மாடி. அதைப் பலகையால் தடுத்துச் சிறு அறைகளாக்கியிருந்தார்கள். ஒவ்வொரு அறையிலும் ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு கணினி. கதிரைக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு திரை. ஜன்னல் வழியே கண்டி தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்தத் திரை.

சீனாவில் பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைகள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கிறார்கள். அங்கே போய் விரிவுரை கேட்கவும் பேசவும் அவர்களுடைய இங்கிலீஷ் போதுமா என்று சோதிக்க வேண்டும். அந்தப் பேச்சுப் பரீட்சையைப் பல்கலைக்கழகங்கள் ஒரு கம்பனியிடம் கொடுத்திருந்தன. கம்பனி அதைக் கண்டிக்குக் கொண்டுவந்தது. நல்ல இங்கிலீஷும் குறைந்த சம்பளமும் ஒரே இடத்தில் கிடைக்கும் ஊர் இது. நாடு திவாலாகிப் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற நாட்களுக்குப் பிறகு என்னைப் போல ஓய்வு பெற்ற இங்கிலீஷ் ஆசிரியர்கள் எந்த வேலைக்கும் தயாராக இருந்தோம். சீனா நமக்கு இரண்டரை மணித்தியாலம் முன்னால் ஓடுகிறது. அவர்களுக்குக் காலை என்றால் நமக்கு அப்போதுதான் விடிகிறது. வத்தேகமவிலிருந்து முதல் பஸ்ஸில் ஏறி, ஈரச் சேலையின் ஓரத்தைப் பிழிந்துகொண்டு அந்தப் படிகளில் ஏறுவேன்.

எனக்கு அவர்கள் ஒரு வெள்ளைக்காரப் பெயரை வைத்திருந்தார்கள். திரையில் என் முகத்துக்குக் கீழே அந்தப் பெயர்தான் வரும். வேலை தேவைப்பட்டதால் அதற்கு ஒத்துக்கொண்டேன். பொட்டுக்கு ஒத்துக்கொள்ள முடியவில்லை.

"தம்பி, பேர மாத்திட்டீங்க. ஊர மறைச்சிட்டீங்க. நெத்திய விட்டுருங்க" என்றேன்.

அவர் கெமராவைக் கீழே இறக்கிச் சாய்த்து வைத்து, திரையில் பார்த்தார். என் முகம் புருவத்தோடு வெட்டுப்பட்டிருந்தது. "இப்ப ரெண்டு பேருக்கும் பிரச்சின இல்ல" என்று சிரித்தார். அன்றிலிருந்து சீனப் பிள்ளைகள் நெற்றியில்லாத ஒரு பரீட்சகரோடுதான் பேசினார்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டால், இது நேற்று வந்த கோபமில்லை. நான் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் லயத்து அறையில் பிறந்தவள். டவுன் பள்ளிக்கூடத்துக்கு நடந்து வந்து படித்தேன். சிங்களப் பிள்ளைகள் இங்கிலீஷைக் 'கடுவ' என்பார்கள். வாள் என்று அர்த்தம். அது கையில் இருப்பவன் வெட்டுவான், இல்லாதவன் வெட்டுப்படுவான். அந்த வாளை நான் தட்டுத்தடுமாறிப் பிடித்துக்கொண்டு ஆசிரியர் நேர்முகப் பரீட்சைக்குப் போனேன். அங்கே மேசைக்குப் பின்னால் இருந்த பெரிய மனிதர் ஒருவர் நான் ஒரு சொல்லை உச்சரித்த விதத்தைப் பக்கத்திலிருந்தவரிடம் திருப்பிச் சொல்லிக் காட்டினார். இருவரும் சிரிக்கவில்லை. உதட்டை மட்டும் கடித்துக்கொண்டார்கள். சிரித்திருந்தால்கூட மறந்திருப்பேன். அதன் பிறகு ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துவிட்டேன். ஒரு பிள்ளையின் வாயைப் பார்த்து நான் உதட்டைக் கடித்ததில்லை.

பக்கத்து அறையில் ஒரு யாழ்ப்பாணத்து ஐயா இருந்தார். அரசாங்க உத்தியோகத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்தவர் கண்டியிலேயே தங்கிவிட்டார். அவரை எல்லோரும் சேர் என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெயர் இருந்தது. தேநீர் குடிக்கும்போது அந்தப் பெயரைச் சொல்லித் தன்னைத்தானே கூப்பிட்டுப் பார்ப்பார்.

"பிள்ளை, இந்தப் பேரிலை ஒரு துரை எங்கடை ஊரிலை இருந்தவன். நாயோடை நடக்கப் போவான். இப்ப நான் அவன். நாய் மட்டும் இல்லை" என்பார்.

அவர் வீட்டில் மனைவிக்குச் சிறுநீரகம் பழுது. வாரந்தோறும் ஆஸ்பத்திரி. அதைப் பற்றி அவர் அதிகம் பேசமாட்டார்.

பரீட்சை எப்படி நடக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். பிள்ளை திரையில் வரும். பெயரையும் ஊரையும் கேட்போம். பிறகு ஒரு தலைப்புக் கொடுப்போம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். பிறகு நாங்கள் சில கேள்விகள் கேட்போம். கேள்விகளெல்லாம் கணினியில் எழுதியிருக்கும், அதைத்தான் வாசிக்க வேண்டும். முடிவில் ஒன்பதுக்கு ஒரு புள்ளி. ஐந்தரை இருந்தால் சேரலாம்.

முதல் வாரமே எனக்குப் புரிந்துவிட்டது, அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் பேசவில்லை, ஒப்பித்தார்கள். நீ மதிக்கும் ஒருவரைப் பற்றிச் சொல் என்றால், ஒருவர் பின் ஒருவராக வந்து, தன் பாட்டனார் மலையில் மரம் நட்ட கதையைச் சொன்னார்கள். எல்லாப் பாட்டனாரும் ஒரே மலையில்தான் நட்டார்கள். பாட்டனார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிரும் இடத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி மூச்சு விட்டார்கள். முதலில் எனக்குப் பிள்ளைகள் மேல் கோபம் வந்தது. பிறகு அவர்களுடைய கண்களைப் பார்த்தேன். தூக்கமில்லாத கண்கள். எங்கோ ஒரு பயிற்சி நிலையம் காசை வாங்கிக்கொண்டு அந்த ஒரே பாட்டனாரை எல்லோருக்கும் விற்றிருக்கிறது. என்ன செய்வார்கள் பிள்ளைகள்?

விதிப்படி ஒப்பித்தால் புள்ளி குறைக்க வேண்டும். குறைத்தேன். மேனேஜர் வந்து கதவருகே நின்றார்.

"டீச்சர், புள்ளைங்கள யுனிவர்சிட்டில சேத்துவிடுற ஒரு ஏஜென்சி வழியா வர்றவங்க இருக்காங்க. அவங்க பேருக்குப் பக்கத்துல ஒரு நட்சத்திரம் இருக்கும். அவங்களுக்குக் கொஞ்சம் பாத்துப் போடுங்க."

"பாத்துன்னா?"

"ஒப்பிக்கிறாங்கன்னு எழுதாதீங்க."

"ஒப்பிச்சா?"

"சரளமா பேசினாங்கன்னு எழுதுங்க."

அவர் அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் எழுதவில்லை. ஒப்பித்தவர்களை ஒப்பித்தார்கள் என்றே எழுதினேன். அவர்கள் அதை மேலே மாற்றிக்கொண்டார்களா என்று அப்போது எனக்குத் தெரியாது.

அப்படியிருக்கும்போதுதான் அந்த நாள் வந்தது. மழை பெய்து கொண்டிருந்தது. கீழே டயர்க் கடையில் காற்றடிக்கும் சத்தம். முதலில் வந்தது ஒரு பையன், பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரம். சுற்றாடலைப் பாதுகாப்பது பற்றி ஒரு கட்டுரையைத் தண்ணீர் ஊற்றுவது போல் ஊற்றினான். ஒரு சொல் பிசகவில்லை. முடிந்ததும் நான் கேட்டேன், நீ இருப்பது தனி வீடா, மாடி வீடா என்று. அவன் விழித்தான். திரைக்கு வெளியே யாரோ பெரியவர் ஒருவர் சீன மொழியில் கிசுகிசுத்தார். அந்தக் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. உடனே பையன் சொன்னான், ஆம், நான் அதை உறுதியாக நம்புகிறேன் என்று.

அவன் நெற்றியில் வியர்வை. அவனைப் பார்க்கவே பாவமாக இருந்தது. நான்கு போட்டேன். பக்கத்தில் ஒருவர் சொல்லிக்கொடுத்தார் என்றும் எழுதினேன்.

அடுத்து ஒரு பெண். நட்சத்திரம் இல்லை. எந்த ஏஜென்சியும் இல்லாமல் தானாகவே விண்ணப்பித்தவள். குட்டையாக வெட்டிய தலைமுடி, காதில் பெரிய ஹெட்போன். பின்னால் சுவரில் ஒரு மழைக்கோட்டு தொங்கியது. நீ எப்படிப்பட்ட இடத்தில் வாழ விரும்புகிறாய் என்பது தலைப்பு.

அவளும் ஆரம்பித்தாள். கடற்கரையில் ஒரு வீடு, பெரிய ஜன்னல்கள், சுத்தமான காற்று, உடலுக்கும் மனதுக்கும் நல்லது. எனக்கு அந்த வீடு நன்றாகத் தெரியும். அதன் ஜன்னல்களை என்னால் எண்ணியிருக்க முடியும். பேனையைக் கீழே வைத்துவிட்டேன்.

அவள் நிறுத்தினாள். கெமராவை நேராகப் பார்த்தாள்.

அவள் சொன்னதை நான் இங்கே தமிழில் எழுதுகிறேன். அவளுடைய இங்கிலீஷில் இறந்தகாலமும் நிகழ்காலமும் கலந்து கிடந்தன. சில சொற்களுக்குக் கையை உபயோகித்தாள்.

"மன்னிக்க வேண்டும் ஆசிரியை. இந்த வீடு என்னுடையது இல்லை. எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் இந்த வீடுதான். நான் என்னுடையதைச் சொல்லலாமா?"

சொல் என்றேன்.

அவளுடைய தகப்பன் உயிர் மீன் ஏற்றும் லொறி ஓட்டுகிறார். பெரிய தண்ணீர்த் தொட்டிகள் பொருத்திய லொறி. அவர்களுடைய தெருவில் அதை நிறுத்த விடமாட்டார்கள், மணக்கிறது என்று அயலவர்கள் முறைப்பாடு செய்கிறார்கள். அதனால் தூரத்தில் நிறுத்திவிட்டு நனைந்த சப்பாத்தோடு நடந்து வருகிறார். வீட்டு வாசலில் லொறியை நிறுத்தக்கூடிய ஓர் இடத்தில் வாழ விரும்புகிறேன் என்றாள். பள்ளி விடுமுறையில் அவள் தகப்பனோடு போவாளாம். பாதை மோசமாக இருந்தால் மீன்கள் பயந்துவிடும், பயந்த மீனுக்குக் காற்று அதிகம் வேண்டும். அவள்தான் இறங்கிப் போய்த் தொட்டிக்குக் காற்று விடும் குழாயைப் பார்ப்பாள். "உயிரோடு இருக்கும் மீன் மணக்காது" என்றாள். "எங்கள் அயலவர்களுக்கு அது தெரியாது."

கணினியில் எழுதியிருந்த கேள்வியைத்தான் நான் வாசித்திருக்க வேண்டும். வாசிக்கவில்லை.

"மீன் செத்துப்போனால் அப்பா என்ன செய்வார்?" என்று கேட்டேன்.

அவள் யோசித்தாள். "ரேடியோவை நிறுத்திவிடுவார். வீடு வரும்வரை பேசமாட்டார். அப்போது நான் பேசுவேன்."

பல்கலைக்கழகத்தில் என்ன படிக்கப் போகிறாய் என்றேன். தண்ணீருக்குள் காற்றைச் செலுத்தும் இயந்திரங்களைப் பற்றி என்றாள். அந்தச் சொல் தெரியாமல், இரண்டு கன்னத்தையும் ஊதிக் காட்டினாள். ஏன் என்று கேட்டதற்கு, இப்போதிருக்கும் இயந்திரம் நின்றுபோனால் சத்தம் எதுவும் வராது, அதனால் சாரதிக்குத் தெரியாது, தெரியும்போது மீன் செத்துவிடும், தெரிகிற மாதிரி ஒன்று செய்ய வேண்டும் என்றாள். நான் கேட்ட ஒரு கேள்வி அவளுக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை, வேறு மாதிரிக் கேளுங்கள் என்று அதையும் இங்கிலீஷிலேயே சொன்னாள். விரிவுரை மண்டபத்தில் ஒரு பிள்ளைக்கு இதைவிட வேறென்ன தெரிய வேண்டும்?

இலக்கணத்துக்குக் குறைத்தேன். உச்சரிப்புக்குக் குறைத்தேன். எல்லாம் பார்த்து, நிறையக் கொடுத்துவிடக் கூடாது என்று என்னையே பிடித்து நிறுத்தி, ஆறு போட்டேன்.

சில நாட்களில் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். தன் கணினியைத் திருப்பிக் காட்டினார். பையனுக்கு நான் போட்ட நான்கு ஆறாகியிருந்தது. பெண்ணுக்குப் போட்ட ஆறு ஐந்தாகியிருந்தது. இரண்டுக்கும் கீழே ஒரு பொத்தான். பரீட்சகர் ஏற்றுக்கொள்கிறார் என்று எழுதியிருந்தது.

"வழக்கமா நாங்களே அமத்திடுவோம். இப்ப புதுசா சிஸ்டம் மாத்தியிருக்காங்க. நீங்கதான் உங்க பாஸ்வேர்ட் போட்டு அமத்தணும்" என்றார்.

அப்போதுதான் தெரிந்தது, இவ்வளவு நாளும் நான் போட்ட புள்ளிகளை என் பெயரிலேயே மாற்றியிருக்கிறார்கள் என்று.

"பையனுக்கு ஏன் கூட்டியிருக்கு?"

"சரளமாப் பேசியிருக்கான்."

"பக்கத்துல ஒருத்தர் சொல்லிக்குடுத்தது?"

"லைன்ல எக்கோன்னு சொல்றாங்க."

"எக்கோ சீன மொழியிலயா பேசும்?"

அவர் மௌஸை அங்குமிங்கும் நகர்த்தினார்.

"சரி, அந்தப் புள்ளைக்கு ஏன் கொறச்சிருக்கு?"

அவர் திரையைப் பார்த்து வாசித்தார். தலைப்பை விட்டு விலகினாள். தயங்கித் தயங்கிப் பேசினாள். பரீட்சகர், கணினியில் எழுதியிருந்த கேள்விகளை விட்டு விலகினார். கடைசியாக ஒன்று: பரீட்சகர் இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொண்டவர் அல்லாததால், பிள்ளையின் பிழையான உச்சரிப்பு அவருக்குப் பிழையாகக் கேட்கவில்லை.

அதை அவர் மெதுவாகத்தான் வாசித்தார். எனக்கு அந்த நேர்முகப் பரீட்சையின் மேசை கண்முன் வந்தது. எத்தனை வருடம் கழித்து, எத்தனை கடல் தாண்டி, அதே மேசை. சீனப் பிள்ளைகளுக்கு முன்னால் என்னை வெள்ளைக்காரி என்று உட்கார வைத்தவர்கள் அவர்கள்தான். நான் போட்ட புள்ளி பிடிக்கவில்லை என்றதும் நான் வெள்ளைக்காரி இல்லை என்று சொல்பவர்களும் அவர்கள்தான்.

"நான் அமத்த மாட்டேன்" என்றேன்.

"டீச்சர், அமத்தலன்னா அந்தப் புள்ளையோட ரிசல்டே போகாது. அவளுக்குத்தான் நட்டம்."

"அப்ப ரூல்படி இன்னொருத்தரக் கேக்க வைங்க. சேரைக் கேக்க வைங்க."

பரீட்சகரும் ஹெட் ஒபிஸும் முரண்பட்டால் இன்னொரு பரீட்சகர் பதிவைக் கேட்க வேண்டும் என்று விதியில் இருந்தது. மேனேஜர் பெருமூச்சு விட்டு ஒத்துக்கொண்டார். நான் போட்ட புள்ளியைச் சேருக்குச் சொல்லவில்லை. அவர் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு கதவைச் சாத்தினார். வெளியே வந்தபோது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆறு. ஆறரை போடலாம் எண்டு பாத்தன். பேந்து வேண்டாம், ஆறே இருக்கட்டும் எண்டு விட்டன்" என்றார்.

"பையனுக்கு, சேர்?"

"அவன் பாவம், பிள்ளை. அவனுக்கு இங்கிலீஷ் தெரியாது. அவனுக்குச் சொல்லிக்குடுத்தவனுக்கும் தெரியாது."

அவர் எழுதிக் கொடுத்ததை மேனேஜர் அனுப்பினார். இரண்டு நாளில் பதில் வந்தது. உள்ளூர்ப் பரீட்சகர்கள் இருவரின் கருத்தும் கவனத்தில் கொள்ளப்பட்டது, இறுதித் தீர்மானம் தலைமை அலுவலகத்துடையது. பெண்ணுக்கு ஐந்து, பையனுக்கு ஆறு. என் பாஸ்வேர்ட் இல்லாமலே ஹெட் ஒபிஸிலிருந்து அவர்களே பொத்தானை அமத்திவிட்டார்கள். முடிவு போய்விட்டது. அதில் பரீட்சகர் என்ற இடத்தில் அவர்கள் எனக்கு வைத்த பெயர் இருந்தது.

அன்று வீட்டுக்குப் போய் நான் சாப்பிடவில்லை. என் கணவருக்கு வத்தேகம சந்தைக்குப் பக்கத்தில் பலசரக்குக் கடை. கடையைப் பூட்டிவிட்டு வந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நமக்கு அந்தப் புள்ளையத் தெரியாது. அதுக்கு நம்மளத் தெரியாது. இருக்கிற வேலையக் கெடுத்துக்காத" என்றார் அவர்.

"தெரிஞ்சவங்களுக்குத்தான் ஞாயம் பேசணுமா?"

"நான் அப்படிச் சொல்லல. ஏஜென்சிக்காரன் அவன் வேலையப் பாக்கிறான். கம்பனி அது வேலையப் பாக்குது. நீ ஒன் வேலையப் பாரு."

"நான் என் வேலையத்தான் பாத்தேன். அதத்தான் அழிச்சிட்டாங்க."

அவர் போய்க் கை கழுவினார். நான் மகனின் கணினியைத் திறந்து அந்த இரண்டு பிள்ளைகளும் விண்ணப்பித்திருந்த பல்கலைக்கழகத்தின் அனுமதிப் பிரிவுக்கு எழுதினேன். என் சொந்தப் பெயரில் எழுதினேன். அன்று நடந்ததை நடந்தபடி எழுதினேன்: பையனுக்குப் பக்கத்தில் கேட்ட குரல், பெண்ணுக்குப் போட்ட புள்ளி, அதை மாற்றியது, சேர் போட்ட புள்ளி. பதிவுகளை நீங்களே கேட்டுப் பாருங்கள், நான் சொல்வதை நம்ப வேண்டாம் என்று முடித்தேன். ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். ஒரு சொல்லும் தடித்ததாக இல்லை. அவ்வளவு கோபத்தில் அவ்வளவு நிதானமாக நான் ஒருபோதும் எழுதியதில்லை.

பதில் வந்தது. நன்றி சொன்னார்கள். விசாரிக்கிறோம் என்றார்கள். சில விபரங்கள் வேண்டும் என்றார்கள். நீங்கள் எந்த நாட்டிலிருந்து பரீட்சையை நடத்தினீர்கள்? உங்கள் தாய்மொழி எது? எங்கே படித்தீர்கள்? உண்மையைத்தான் எழுதினேன். இலங்கை, கண்டி. தமிழ். ஹந்தானையில் ஆரம்பித்துக் கண்டியில் படித்தேன்.

அதற்குப் பிறகு நீண்ட மௌனம். பிறகு ஒரு காலை மேனேஜர் எல்லோரையும் கூட்டி, அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த தீர்மானத்தை வாசித்தார். இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே பரீட்சை நடத்துவார்கள் என்று கம்பனி ஒப்பந்தத்தில் சொல்லியிருந்ததாம். அது மீறப்பட்டதால் கண்டியில் நடத்திய பரீட்சைகள் எல்லாமே செல்லாது. எல்லாப் பிள்ளைகளும் மறுபடி பரீட்சைக்குத் தோற்ற வேண்டும்.

ஏஜென்சியைப் பற்றி ஒரு சொல் இல்லை. கிசுகிசுத்த குரலைப் பற்றி ஒரு சொல் இல்லை. மாற்றிய புள்ளியைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் திருடனைக் காட்டினேன். அவர்கள் என் விரலைப் பிடித்து, இது எந்த ஊர் விரல் என்று பார்த்தார்கள்.

அந்த அறையில் இருந்த மற்ற ஆசிரியர்கள் என்னைப் பார்த்தார்கள். யார் எழுதியது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒருவரும் ஏசவில்லை. என் கதிரைக்குப் பக்கத்தில் இருந்தவர் தன் கதிரையைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார், அவ்வளவுதான். பிற்பகலில் எனக்கு ஒரு கடிதம் கொடுத்தார்கள். இரகசியம் காக்கவில்லை, அதனால் நாளையிலிருந்து வர வேண்டாம்.

சேரும் என்னோடு வந்துவிடுவார் என்று நினைத்தேன். ஏன் அப்படி நினைத்தேன் என்று தெரியாது. அவரும் ஆறு போட்டவர் என்பதால் இருக்கலாம். அவருடைய அறைக் கதவைத் தட்டி, போகிறேன் சேர் என்றேன்.

"கேள்விப்பட்டன் பிள்ளை. மனசுக்குச் சரியில்லை" என்றார். எழுந்து நின்றார். ஆனால் ஹெட்போனைக் கழுத்திலிருந்து எடுக்கவில்லை. கம்பனிக்கு வேறு பல்கலைக்கழகங்களின் வேலை இருந்தது. அவருக்கு அடுத்த பிள்ளை காத்திருந்தது.

"நீங்க இருக்கப் போறீங்களா?"

"ஓம். எனக்கு இந்த வேலை வேணும். உமக்குத் தெரியும்."

தெரியும். ஆஸ்பத்திரி, ஊசி, வாகனம் எல்லாம் தெரியும். தெரிந்தும் எனக்குக் கோபம் ஆறவில்லை. பல வாரம் அவரிடமிருந்து வந்த அழைப்புகளை நான் எடுக்கவில்லை. நியாயமில்லாத கோபம் என்று எனக்கே தெரிந்தது. ஆனாலும் வந்தது, வந்துகொண்டே இருந்தது.

பிறகு தெல்தெனியவில் ஒரு வகுப்பு ஆரம்பித்தேன். ஹோட்டல் வேலைக்குப் போகிறவர்கள், கடையில் நிற்கிறவர்கள் வந்தார்கள். அதைப் பதிவு செய்ய என் சான்றிதழ்களின் மூலப்பிரதிகள் தேவைப்பட்டன. அவை கம்பனியில் இருந்தன. மேனேஜருக்குப் போன் எடுத்துச் சொன்னேன், வாங்க டீச்சர் என்றார்.

போனேன். மேனேஜர் எழுந்து வந்து வரவேற்றார். சான்றிதழ்களை ஒரு உறையில் பத்திரமாக வைத்திருந்தார். தேநீர் வரவழைத்தார். என்ன இருந்தாலும் மரியாதை தெரிந்தவர்.

"டீச்சர், ஒண்ணு சொல்றேன். சந்தோசப்படுவீங்க. அந்தப் புள்ள இருக்கில்ல, மீன் லொறி, அது மறுபடியும் எழுதியிருக்குன்னு ஹெட் ஒபிஸ்ல சொன்னாங்க. வெள்ளைக்காரர் ஒருத்தர்தான் கேட்டிருக்கார். என்ன புள்ளி தெரியுமா?"

நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன்.

"ஆறு. நீங்க போட்ட அதே ஆறு."

அவர் சிரித்தார். நானும் சிரிப்பேன் என்று எதிர்பார்த்தார்.

"அப்ப சேந்துட்டாளா?"

"இல்ல. இந்த வருசம் அட்மிசன் முடிஞ்சிருச்சு. மறுபடி எழுதுறதுக்குள்ள லேட்டாயிருச்சில்ல. அடுத்த வருசம்தான்." என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னார், "ஒரு வருசந்தானே டீச்சர். சின்ன வயசு."

"அந்தப் பையன்?"

அவர் தேநீர்க் கோப்பையைத் திருப்பி வைத்தார். "அவன ஏஜென்சி வேற யுனிவர்சிட்டிக்கு அனுப்பிட்டாங்க. அங்க இந்தப் பிரச்சின எல்லாம் இல்ல."

எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை.

"தம்பி, நான் போட்ட ஆறும் அந்த வெள்ளைக்காரர் போட்ட ஆறும் ஒரே ஆறுதானே?"

"ஒரே ஆறுதான் டீச்சர்."

"அப்ப இடையில போன ஒரு வருசம் யாரோடது?"

அவர் குனிந்து மேசையைப் பார்த்தார். அவருக்கும் சம்பளம் வேண்டும், அவருக்கும் வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தது. அதெல்லாம் எனக்குத் தெரியும். எல்லோருக்கும் ஒரு காரணம் இருந்தது. என் கணவருக்கு இருந்தது, சேருக்கு இருந்தது, இவருக்கும் இருந்தது. ஹெட் ஒபிஸில் உட்கார்ந்து ஆறை ஐந்தாக்கிய அந்த ஆளுக்கும் ஒன்று இருந்திருக்கும். காரணமில்லாமல் ஒரு வருடத்தைக் கொடுத்தவள் அந்தப் பெண் மட்டும்தான்.

தேநீரைக் குடிக்காமல் எழுந்தேன். உறையை எடுத்துக்கொண்டு படியில் இறங்கினேன். பாதிப் படியில் சேர் ஏறி வந்துகொண்டிருந்தார், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு. முன்னைவிட மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் நின்றார். அந்தப் படி ஒடுக்கம். ஒருவர் ஒதுங்கினால்தான் மற்றவர் போகலாம்.

"பிள்ளை, கோவமோ?" என்றார்.

"ஆமா சேர். கோவந்தான்."

அவர் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். சமாதானம் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"இருக்கட்டும். விட்டுடாதையும்" என்றார். பிறகு சுவரோடு ஒதுங்கி எனக்கு வழி விட்டார். நான் இறங்கிய பிறகு அவர் மேலே ஏறிப்போகும் சப்பாத்துச் சத்தம் கேட்டது. அவருக்கு அடுத்த பிள்ளை வரும் நேரம்.